ஐந்தாம் தேதிக் கணக்கு

எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடை இணையத்துக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகப்போகின்றன. இன்று எங்களுக்கு வரும் ஆர்டர்களில் பாதிக்கு மேல், எங்கள் எண்ணெயைத் தம் சமையலறையில் வைத்துப் பார்த்துவிட்டு நாலு பேரிடம் சொன்னவர்கள் வழியாக வருகின்றன. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை சதவீதம் கமிஷன் கொடுக்கிறீர்கள் என்றுதான். சதவீதத்தைவிட, எந்த விற்பனைக்கு, எந்தத் தேதியில், எப்படிக் கணக்குக் காட்டிக் கொடுக்கிறோம் என்பதே பரிந்துரைப்பவரை நம்மோடு நிறுத்தி வைக்கிறது என்பதை நான் கையைச் சுட்டுக்கொண்ட பிறகே தெரிந்துகொண்டேன்.

காங்கேயம் பக்கத்துக்காரனுக்குத் தரகு புதிதல்ல. சின்ன வயதில் அப்பாவோடு கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். தரகர் தன் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. விலை படிந்ததும், மாட்டைக் கயிறு மாற்றிக் கொடுத்த கையோடு தரகுப் பணமும் கைமாறிவிடும். அஃபிலியேட் என்று இணையத்தில் வழங்குவதும் தரகுதான். அமேசான் 1996 ஜூலையில் இதைத் திட்டமாகத் தொடங்கியபோது, புத்தகத்தைப் பற்றி எழுதுகிறவர் தன் பக்கத்தில் ஓர் இணைப்பைக் கொடுப்பார், அதன் வழியே விற்றால் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்ற அளவில்தான் அது இருந்தது. சந்தைத் தரகிலிருந்து இது வேறுபடும் இடம், பணம் அன்றைக்கே கைமாறாது என்பது. நான் இடறியதும் அங்கேதான்.

2021-இல் முதன்முதலாக அஃபிலியேட் திட்டம் அறிவித்தபோது, எல்லோரும் கொடுப்பதுபோல் விற்பனை விலையில் 10 சதவீதம் என்று எழுதிவிட்டேன். கடலை எண்ணெய் லிட்டர் 380 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அப்போதைய விலையில் அது 250 ரூபாய். பிண்ணாக்கு விற்று 56 ரூபாய் திரும்ப வரும். செக்குக்கூலியும் மின்சாரமும் 30, பாட்டிலும் அட்டைப்பெட்டியும் 25, கூரியர் 55, ஜிஎஸ்டி 18, பணப்பரிவர்த்தனைக் கட்டணம் 8. எல்லாம் போக என் கையில் நிற்பது 50 ரூபாய். அதில் 38 ரூபாயைக் கமிஷனாகக் கொடுப்பதாக ஊருக்கெல்லாம் அறிவித்திருக்கிறேன் என்பதை, முதல் மாதக் கணக்கைப் போட்ட இரவில்தான் உணர்ந்தேன். விலையைப் பார்த்துக் கமிஷன் சொல்லிவிட்டேன். மிச்சத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கணினிப் பாடம் விற்பவருக்கு ஒரு பிரதி கூடுதலாக விற்பதில் செலவு ஏதும் இல்லை. அவர் பாதியைக் கூடத் தூக்கிக் கொடுக்கலாம். எண்ணெய் விற்பவன் அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

அடுத்தது ஆர்டிஓ. வாகனப் பதிவு அலுவலகத்தைச் சொல்லவில்லை. பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தருவதாக ஆர்டர் போட்டவர் வாங்க மறுத்தால் பெட்டி நமக்கே திரும்பி வரும், அதைக் கூரியர் வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வார்கள். போக வரக் கூரியர் 110 ரூபாய் நம் தலையில் விழும். திட்டம் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் ஆர்டர் விழுந்த உடனேயே கமிஷன் கணக்கில் ஏறும்படி வைத்திருந்தேன். திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்ததும் பயந்துபோய், யாருக்கும் சொல்லாமல் எல்லோருடைய பணத்தையும் நிறுத்தி வைத்தேன். அப்போது எங்களுக்கு அதிக ஆர்டர் கொண்டுவந்துகொண்டிருந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றுச் சமையல் சேனல் நடத்தும் ஓர் அக்கா. அவர் ஒருநாள் மாலை அழைத்தார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பணம் பெருசில்லைங்க. நான் சொல்லித்தான் எங்க பேட்டைக்காரங்க வாங்கறாங்க, எத்தனை பேர் வாங்கினாங்கன்னாச்சும் எனக்குத் தெரியணுமில்லைங்களா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று இரவே உட்கார்ந்து அவருக்கு ஒரு தாள் தயாரித்தேன்: ஆர்டர் தேதி, ஊர், எத்தனை லிட்டர், போய்ச் சேர்ந்ததா, திரும்பியதா, அவருக்குரிய தொகை. வாங்கியவரின் பெயரும் எண்ணும் அதில் இல்லை. 61 ஆர்டர்களில் 14 திரும்பியிருந்தன. அவற்றில் ஒன்பது, அவர் ஒரே ஒரு வீடியோவில் "பணம் அப்புறம் கொடுத்தால் போதும்" என்று சொன்ன வாரத்தில் விழுந்தவை. அதைப் பார்த்து அவரே அந்த வாசகத்தை நிறுத்திவிட்டார். நான் கேட்கவில்லை. கணக்கைக் காட்டியதே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எழுதிய விதிகள்தாம் இன்றுவரை நடக்கின்றன. புதிய வாடிக்கையாளரின் முதல் ஆர்டருக்கு லிட்டருக்கு 30 ரூபாய். அதே குடும்பம் ஓராண்டுக்குள் மீண்டும் வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 10 ரூபாய். எண்ணெய் தீர்ந்தால் மீண்டும் வாங்கும் பொருள் என்பதால், ஒருமுறை சொல்லிக் கொடுத்தவருக்குப் பிறகும் ஒரு பங்கு போவதுதான் நியாயம். அதோடு, அவர் சொன்ன எண்ணெய் நன்றாக இருக்கிறதா என்று எனக்கு முன்னால் அவரே விசாரிக்கவும் அது காரணமாகிறது. பொருள் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழிந்த ஆர்டர்களே கணக்கில் வரும். மாதம் முடிந்து ஐந்தாம் தேதிக்குள் தாளும் பணமும் போய்விடும், தொகை 90 ரூபாயாக இருந்தாலும். விகிதத்தைக் குறைப்பதானால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்வோம். கடைசி விதி எனக்கே தோன்றியதன்று. அமெரிக்காவில் அமேசான் 2020 ஏப்ரலில் மளிகைப் பொருள்களுக்கான பங்கை 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாக ஒரே வார அவகாசத்தில் குறைத்தது. அங்கே சமையல் குறிப்பு எழுதி வருமானம் பார்த்துவந்த நண்பர் ஒருவர் அந்த அடியைப் பற்றிச் சொல்லக் கேட்டபிறகு சேர்த்தது.

யார் சொல்லி வந்த ஆர்டர் என்று கண்டறிய இணைப்பா, ஆர்டர் போடும்போது அடித்தால் தள்ளுபடி தரும் கூப்பன் சொல்லா என்பதில் நான் கூப்பன் பக்கம். இணைப்பைச் சொடுக்கியவரின் உலாவியில் குக்கீ என்ற சின்ன அடையாளக் குறிப்பு ஒன்று உட்கார்ந்து, பிறகு அவர் வாங்கும்போது யார் அனுப்பியது என்று சொல்லும் என்பதே பழைய ஏற்பாடு. எங்கள் வாடிக்கையாளர் வீட்டில் மாமியார் மருமகளின் போனில் வீடியோவைப் பார்ப்பார், இரண்டு நாள் கழித்து மகன் தன் அலுவலகக் கணினியில் ஆர்டர் போடுவார். எந்தக் குக்கீயாலும் இந்தக் குடும்பத்தைத் தொடர முடியாது. போதாக்குறைக்கு சஃபாரி உலாவி 2020 மார்ச்சிலேயே பிற தளங்களின் குக்கீகளை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. வாயால் சொல்லி, காதால் கேட்டு, நினைவில் வைத்து அடிக்கக்கூடிய ஒரு சின்னச் சொல் இந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறது. அக்காவின் கூப்பன் சொல் அவர் மகளின் செல்லப்பெயர், நான்கே எழுத்து.

கூப்பனுக்கும் ஓட்டை உண்டு. ஒருவரின் சொல் எப்படியோ கூப்பன் தொகுக்கும் தளங்களுக்குப் போய்விட்டது. பணம் கட்டும் பக்கம் வரை தானாக வந்துவிட்ட வாடிக்கையாளர், தள்ளுபடி கிடைக்குமா என்று தேடி அந்தச் சொல்லை எடுத்துப் போட்டார். எங்களிடமே வந்தவருக்குத் தள்ளுபடியும் கொடுத்து, யாருக்கோ கமிஷனும் கொடுத்துக்கொண்டிருந்தோம். இன்னொருவர் ஒரே வாரத்தில் 40 ஆர்டர் கொண்டுவந்ததைக் கண்டு நான் அவருக்கு ஐந்து லிட்டர் டின் ஒன்றை அன்பளிப்பாக அனுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, அவர் கூகுளில் எங்கள் கடையின் பெயருக்கே விளம்பரம் போட்டு, எங்களைத் தேடியவர்களை எங்களிடமே அனுப்பிக்கொண்டிருந்தார். இதற்கெல்லாம் பெரிய முன்னோடிகள் உண்டு: வாங்குபவருக்குத் தெரியாமல் குக்கீயைத் திணித்துக் கமிஷன் பெற்றதாக ஈபே நிறுவனம் தன் அஃபிலியேட்டுகள்மீது 2008-இல் வழக்குத் தொடர்ந்தது, அவர்களில் இருவர் 2014-இல் சிறைத் தண்டனையும் பெற்றார்கள். நாங்கள் வழக்குக்கெல்லாம் போகவில்லை. கடையின் பெயருக்கு விளம்பரம் போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தோம். டின் போனது போனதுதான்.

பணத்தைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. உற்சாகத்தில் ஒருவர், இந்த எண்ணெயை மூன்று மாதம் சாப்பிட்டால் ரத்தக் கொழுப்பு குறைந்து மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பேசிவிட்டார். அந்த வாரம் ஆர்டர் கொட்டியது. அவரை அழைத்து அந்தப் பகுதியை வெட்டச் சொன்னேன். அவர் மனத்தாங்கலோடு முழு வீடியோவையும் எடுத்துவிட்டார், அதன்பின் எங்களுக்காகப் பேசவும் இல்லை. இழப்புதான். ஆனால் யாரோ ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால்? சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பரிந்துரைப்பவர் விற்பவரிடம் பணமோ பொருளோ பெறுகிறார் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமுண்டு. அது பொருளைச் செய்தவரோடு நிற்காது, பேசியவர்மீதும் பாயும். பங்கு கிடைக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னால் விற்பனை குறையும் என்று பலர் அஞ்சுகிறார்கள். "இதில் எனக்குக் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் நான் ஆறு மாதமாகக் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான்" என்று அக்கா சொன்ன வீடியோவில்தான் எங்களுக்கு இதுவரை அதிக ஆர்டர் வந்திருக்கிறது.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டியதால், 2024 ஏப்ரலிலிருந்து கமிஷனில் வருமான வரிப் பிடித்தம் செய்யும் பொறுப்பு எங்கள்மேல் வந்தது. அந்த மாதம் அக்காவுக்கு 18,400 ரூபாய். 5 சதவீதம் பிடித்து 17,480 அனுப்பியபோது, 920 ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்டார். அவருடைய பான் எண்ணில் அது வரவாகியிருப்பதையும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கலாம் என்பதையும் விளக்க அரைமணி நேரம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் விகிதம் 2 சதவீதமாகக் குறைந்தது. முதல் பணம் அனுப்பும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிறகு சந்தேகம் எழாது.

இதுவரை பதிவு செய்த அஃபிலியேட்டுகள் 63 பேர். நாற்பது பேர் ஓர் ஆர்டர்கூடக் கொண்டுவரவில்லை. நான்கு பேர்தான் முக்கால்வாசியைக் கொண்டுவருகிறார்கள். எனவே ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, 2023-இல் கூட்டு முயற்சிப் பக்கம் திரும்பினேன். தரகில் ஒருவர் சொல்ல, மற்றவர் விற்பார். கூட்டில் இருவருமே விற்பவர்கள், இருவருக்குமே செலவும் உண்டு.

கோயம்புத்தூரில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் செய்து இணையத்தில் விற்கும் ஓர் அண்ணன் எங்கள் வாடிக்கையாளராக இருந்தார். அவருக்கு ஒரு தலைவலி: கல்லைச் சரியாகப் பழக்காமல் தோசை ஊற்றுகிறார்கள், மாவு ஒட்டிக்கொள்கிறது, கல் மோசம் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஏழு கிலோ கல் வந்துபோனால் கூரியர் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கல்லோடும் எங்கள் நல்லெண்ணெய் 100 மில்லி பாட்டில் ஒன்றையும், அரைவெங்காயத்தால் எண்ணெயைத் தேய்த்துப் பழக்கும் முறையை அச்சிட்ட சீட்டையும் வைத்தோம். பாட்டிலுக்கு ஆகும் 45 ரூபாயை ஆளுக்குப் பாதி ஏற்றோம். அவருக்குத் திரும்பும் கற்கள் குறைகின்றன, எனக்குப் புதிய வீடுகள் கிடைக்கின்றன. முதல் 200 பாட்டில்களில் மூடி கசிந்தது. இரும்புக்கு அது நல்லதுதான், துருப்பிடிக்காது. ஆனால் எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டியைக் கூரியர்காரர் தொட மாட்டேன் என்றுவிட்டார். மூடிக்கு உள்ளே ஓர் அடைப்பு வைத்த பிறகு சரியாயிற்று. ஆறு மாதத்தில் 2,100 பாட்டில்கள் போயின, 290 குடும்பங்கள் எண்ணெய் ஆர்டர் செய்தன. என் பங்குச் செலவைப் பிரித்தால் குடும்பத்துக்கு 163 ரூபாய். முகநூல் விளம்பரத்தில் அதே ஒரு குடும்பத்துக்கு 250-க்குக் குறையாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வாடிக்கையாளர் எண்களை நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதில்லை. தீபாவளிக்கு அவர் தம் வாடிக்கையாளர்களுக்கு என் எண்ணெயைப் பற்றி எழுதுவார், நான் என்னுடையவர்களுக்கு அவர் கல்லைப் பற்றி எழுதுவேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்ததற்கு முன்பே இருவரும் இதில் உறுதியாக இருந்தோம். எண்ணெய்க்காகத் தந்த எண்ணுக்கு இன்னொருவர் அழைத்தால் எனக்கே கோபம் வரும். செலவைப் பகிர்ந்துகொள்வதால் இது கூட்டாண்மை நிறுவனம் ஆகிவிடாது, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பல்லர் என்று தணிக்கையாளர் சொன்னபடி இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டோம்.

இப்போது அண்ணன், கல்லும் எண்ணெயும் போகிற பெட்டியில் இட்லிப் பொடி செய்யும் இன்னொருவரையும் சேர்க்கலாமே என்கிறார். யோசனை பிடித்திருக்கிறது. மூவருக்குமான தாளை இரண்டு வாரமாகத் திருத்தித் திருத்தி எழுதுகிறேன். செலவுப் பங்கு முடிந்துவிட்டது, ஐந்தாம் தேதியும் முடிவாகிவிட்டது. கல் தலைமுறைக்கு நிற்கும், எண்ணெய் சில மாதம் தாங்கும், பொடி அதற்கும் முன்பே கெட்டுவிடும். பெட்டி திரும்பி வந்தால் உள்ளே பிரிக்கப்பட்ட பொடிக்கு யார் பொறுப்பு என்ற வரிதான் இன்னும் காலியாகக் கிடக்கிறது.