அம்மாவோடு அத்திலாந்திக்: ஏன் பழைய, சிறிய கப்பலில் ஏறினோம்

முப்பது வயதை நெருங்கும் ஒரு கப்பலில், எழுபது தாண்டிய அம்மாவையும் கூட்டிக்கொண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து போய்த் திரும்பி வந்திருக்கிறோம். முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய புதுக் கப்பல்கள் ஓடும் காலத்தில் ஏன் பழையதில் போனீர்கள், காசுக்காகவா? காசும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய கப்பலில் யாராவது சும்மா இடம் தந்திருந்தாலும், அம்மாவோடு நான் இதில்தான் ஏறியிருப்பேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வன்னிக் குடும்பங்களில் இந்தப் பேச்சு இனி அடிக்கடி வரும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அக்கா லண்டனில் இருக்கிறா. அம்மாவைத் தன்னோடு சில மாதம் வைத்திருக்க அவவுக்கு ஆசை. அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துவராது. தை மாசம் சவுத்ஹாம்ப்டனில் ஏறினால் விமானமே இல்லாமல் வெயில் உள்ள தீவுகளுக்குப் போய், அதே துறைமுகத்துக்குத் திரும்பலாம் என்று அக்கா கண்டுபிடித்தா. ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரிலேயே இருக்கவேண்டும். அப்போதுதான் எந்தக் கப்பல் என்ற கேள்வி வந்தது.

எங்கள் வீட்டில் கப்பல் என்றால் அதுவரை ஒரே ஒரு கப்பல்தான். 2009 பெப்ரவரி முதல் மே வரை, சர்வதேச செஞ்சிலுவைக் குழு வாடகைக்கு எடுத்த கிறீன் ஓஷன், புதுமாத்தளன் கடலில் வந்து நின்றது. கரைக்கு வர அதனால் முடியாது. காயக்காரரையும் நோயாளிகளையும் மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுபோய் அதில் சேர்த்தார்கள். முதலில் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்குமாக, கூடப் போன உறவினரையும் சேர்த்து ஏறக்குறைய 14,000 பேரை அது கொண்டுபோய் விட்டது. காலில் காயத்தோடு அம்மாவும் அதில் போனவ. திரும்ப ஒரு கப்பலில் ஏறுவாவா என்று எங்கள் இருவருக்கும் சரியான பயம். கேட்டோம். “ஏறுவன். ஆனா உள்ளுக்க அடைச்சு வைக்கிற இடம் வேண்டாம். கடல் கிட்டத் தெரியவேணும்” என்றா. அன்றைக்கு அம்மா கடலையே பார்க்கவில்லை, தளத்தில் படுத்தபடி வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனாவாம். இதை எங்களுக்கு முதன்முதலில் சொன்னதே நாங்கள் இப்படிக் கேட்டபோதுதான்.

ஆகவே கப்பல் தேடும்போது அம்மாவின் அந்த ஒரு வசனத்தை வைத்துத்தான் தேடினோம்.

2024 தையில் ஓடத் தொடங்கிய ஐகன் ஒஃப் த சீஸ் என்ற கப்பலை அக்கா முதலில் திரையில் காட்டினா. 20 தளங்கள், 365 மீற்றர் நீளம், நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள். நாங்கள் கடைசியில் எடுத்த பொரியாலிஸ் 1997-இல் இத்தாலியில் கட்டப்பட்டது. ஹொலண்ட் அமெரிக்கா கம்பனியிடம் ரொட்டர்டாம் என்ற பெயரில் ஓடி, 2020-இல் பிரெட் ஓல்சன் கம்பனிக்குக் கைமாறியது. ஏறக்குறைய 238 மீற்றர், 1,360 பயணிகள் அளவு. கப்பல் விளம்பரங்களில் மொத்த டன் என்று போடுவார்கள், அது எடை இல்லை, உள்ளே இருக்கும் இடத்தின் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு எவ்வளவு இடம் என்று பார்க்கச் சொல்லிப் பலர் அறிவுரை கூறுவார்கள். நானும் நெருக்கி ஏற்றும் கணக்கை விட்டு, அறைக்கு இருவர் என்ற கணக்கில் வகுத்துப் பார்த்தேன். இரண்டு கப்பலுக்கும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வந்தது. புதுக் கப்பலில் நெரிசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. ஆனால் வயதானவருக்கு உண்மையான அளவு வேறு. அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், துறைமுகத்தில் இறங்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், கடல் எத்தனை மாடி கீழே கிடக்கிறது, இவைதான். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. தளங்களின் வரைபடத்தை எடுத்து விரலால் நடந்து பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்த்தபோதுதான் பொரியாலிஸின் மூன்றாம் தளம் கண்ணில் பட்டது. தேக்குப் பலகை போட்ட நடைபாதை, கப்பலின் முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் சேர்த்து முழுச் சுற்று வருகிறது. உயிர்காப்புப் படகுகள் தலைக்கு மேலே தொங்கும், கீழே எட்டிப் பார்த்தால் தண்ணீர். ஒரு காலத்தில் சமுத்திரம் கடக்கும் கப்பல்கள் பலவற்றில் இந்தச் சுற்று நடைபாதை இருந்தது. பல புதுக் கப்பல்களில் கடலோரத்தைப் பால்கனி அறைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பால்கனி அவரவருக்குச் சொந்தம், விலையும் கூட. நடைபாதையோ எல்லாருக்கும் பொது. மிக மலிவான உள்ளறை எடுத்தவருக்கும் அதே கடல். நாங்கள் மூன்று பேரும் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் ஒரே அறை எடுத்தோம். நடுவிலும் கீழேயும் இருந்தால் ஆட்டம் குறைவு. அம்மாவுக்கு அது முக்கியம். பகலில் அறையில் இருக்கவே போவதில்லை என்பதால் எனக்குக் கிடைத்த மடக்குக் கட்டிலைப் பற்றிக் குறை இல்லை.

பட்டியலில் கடைசிவரை நின்ற இன்னொரு கப்பல் பால்மோரல். 1988-இல் கட்டியது. 2007-08 காலத்தில் ஜேர்மனியின் ஹாம்பேர்க்கில் அதை நடுவில் வெட்டி, 30 மீற்றர் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினார்கள். இதைக் கேட்டதும் அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டா. ஒட்டிய பிறகு எத்தனையோ கடல் ஓடிய கப்பல், பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மாவை யார் சமாளிப்பது.

பழைய கப்பல் பாதுகாப்பா என்பதை மாமாதான் துருவித் துருவிக் கேட்டார். முல்லைத்தீவில் சம்மாட்டியாக இருந்தவர், கரைவலையும் வள்ளமும் அவருக்கு உயிர். “பழசெண்டா அடித்தகடு தேஞ்சிருக்குமெல்லோ பிள்ளை? தண்ணிக்குக் கீழ இருக்கிறதை ஆர் பாக்கிறது?” சரியான கேள்வி. சர்வதேச விதிப்படி பயணிகள் கப்பலின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது. ஒவ்வொரு வருடமும் சோதித்துத்தான் புதுப்பிப்பார்கள். காலத்துக்குக் காலம் நீர் வற்றிய துறையில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள், தகட்டின் தடிப்பையும் அளப்பார்கள். 2010 ஒக்டோபரிலிருந்து, எளிதில் தீப்பற்றும் பொருட்களால் கட்டிய பழைய கப்பல்கள் சர்வதேசப் பயணம் போக முடியாமல் ஆகிவிட்டது. அந்த விதியோடு பல கிழட்டுக் கப்பல்கள் உடைக்கப்போயின. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எங்கள் ஆட்களோடு அத்திலாந்திக் தாண்டி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைக்குப் போன கதையைச் சொன்னார். சம்மதம் என்று அர்த்தம்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான சங்கதி. கப்பல் எங்கெங்கே நிற்கிறது என்று பார்த்து விசா எடுக்கவேண்டும், பிறகுதான் காசு கட்டவேண்டும். அம்மாவின் கடவுச்சீட்டை வவுனியாவில் உள்ள குடிவரவு அலுவலகத்திலேயே எடுத்தோம். விசாவுக்கு மட்டும் கொழும்பு. பிரித்தானிய விசா ஒன்று, வழியில் நிற்கும் அசோரஸ், மதெய்ரா தீவுகள் போர்த்துக்கலுக்குச் சொந்தம் என்பதால் ஷெங்கன் விசா ஒன்று. கரிபியன் தீவான குவாதலூப் பிரான்சின் பகுதிதான், ஆனாலும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கு என்று தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். அக்காவிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு, அவவுக்கு இந்த அலைச்சல் ஒன்றும் இல்லை. விசா வந்து சேரும்வரை நாங்கள் ஒரு பெட்டியும் வாங்கவில்லை.

சவுத்ஹாம்ப்டனை விட்டு அசோரஸ் போகும்வரை கடல் சரியான மூர்க்கம். கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் செட்டை மாதிரி நீட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி விழுவதை ஒன்றும் செய்ய முடியாது. சிறிய கப்பலில் அது கூடுதலாகவே தெரியும், இதை மறைக்கக்கூடாது. அக்காவுக்குத் தலைச்சுற்றும் சத்தியும். அம்மா மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பிஸ்கட்டும் பிளேன் டீயுமாக இருந்தா. உங்களுக்கு எளிதில் தலை சுற்றுமென்றால், மருந்தைக் கப்பல் புறப்படுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயன் குறைவு.

அசோரஸில் உள்ள பொன்ரா டெல்காடா துறைக்குப் பிறகு ஐந்தாறு நாளைக்கு நிலமே இல்லை. பெரும்பாலானோர் சலிப்பாக இருக்கும் என்று பயப்படுவது இந்த நாட்களுக்குத்தான். எங்கள் பயணத்தில் ஆகத் திறமான நாட்கள் இவைதான். தெற்கே இறங்க இறங்கக் காற்று வடகிழக்கிலிருந்து ஒரே சீராக வீசத் தொடங்கியது. பாய்க்கப்பல்காரர் நூற்றாண்டுகளாக நம்பிப் போன வர்த்தகக் காற்று அது. கப்பலின் பின்னால் இருந்து தள்ளுவதால் ஆட்டமும் தணிந்தது. அம்மா சீலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கட வாடையெல்லோ” என்றா. திசை அதேதான். எங்களுக்கு மழையைக் கொண்டுவரும் காற்றும் அதே மாதங்களில், அதே மூலையிலிருந்துதான் வருகிறது. முல்லைத்தீவில் வாடைக் காலத்தில் வள்ளம் இறக்க மாட்டார்கள். இங்கே அதையே பிடித்துக்கொண்டு போகிறோம் என்பது அம்மாவுக்குப் பெரிய ஆச்சரியம். மேற்கே போகப் போக மணிக்கூட்டை ஒவ்வொரு மணித்தியாலமாகப் பின்னுக்கு வைத்தார்கள். விமானத்தில் வந்து இறங்கும்போது வரும் தூக்கக் குழப்பம் ஒருவருக்கும் இல்லை.

ஆட்கள் குறைவு என்றால் முகங்கள் பழகிவிடும். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. ஆனால் விடிய நடைபாதையில் நடக்கிற வெள்ளைக்கார மூதாட்டி ஒருத்தி அம்மாவுக்காகக் காத்து நிற்பா. இருவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டே சுற்றுவார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறிய கோவாப் பொடியன், அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டா என்பதை ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு மறக்கவே இல்லை. சோறும் பருப்பும் மேசைக்கு வந்துவிடும். ஆயிரக்கணக்கானோர் ஏறும் கப்பலில் இது நடக்காது என்று சொல்லவில்லை, நடப்பது கடினம்.

குவாதலூப்பை நான் பிடிவாதமாகப் பட்டியலில் வைத்திருந்தேன். 1854-இலிருந்து 1889 வரை நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை இந்தியாவிலிருந்து அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில் பெரும்பகுதி தமிழர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதக் கடற்பயணம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பிரெஞ்சும் கிறியோலும்தான் பேசுகிறார்கள். ஆனால் கபெஸ்தேர் பெல்-ஓ என்ற ஊரின் சாங்கி கோவிலில் மாரியம்மன் இருக்கிறா. மதுரை வீரனும் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார். வாடகைக் கார் பிடித்துப் போனோம். கோபுரத்தைக் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டா. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு வைத்த நேர்த்தி ஒன்றை அங்கேயே சொல்லி முடித்தா. அம்மன் எல்லாம் ஒன்றுதானே என்பது அவவின் கணக்கு.

அந்த ஊர்க்காரர்தான் ஹென்றி சிதம்பரம். அங்கே பிறந்த இந்திய வம்சத்தவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904-இல் தொடங்கி, 1923 வரை வழக்காடி வென்றவர். 1948-இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, பிறகு வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எத்தனை இருக்கின்றன. நான் படிப்பிக்கிற வகுப்பில் பாதிப்பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லவேண்டிய கதை இது என்று நினைத்துக்கொண்டுதான் துறைமுகத்துக்குத் திரும்பினேன்.

திரும்பும் வழியில் அதே காற்று எதிர்க்காற்று. கப்பல் ஏறி ஏறி விழுந்தது. சாமான்கள் உருண்டன. போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டு அத்திலாந்திக் இலேசானது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. இங்கேதான் இந்தக் கப்பலின் இன்னொரு குணம் உதவும். நீண்ட பயணங்களுக்கென்றே 25 நொட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீற்றர் வேகம் போகக்கூடியதாகக் கட்டப்பட்டது இது. காலநிலையால் பிந்தினாலும் எட்டிப் பிடிக்க இயந்திரத்தில் பலம் மிச்சம் இருக்கும். நீண்ட பயணத்துக்குக் கப்பல் பார்ப்பவர்கள் நீச்சல் தடாகங்களை எண்ணுவதற்கு முன் இதை விசாரியுங்கள்.

அக்கா இப்போது மொரிசியஸ், ரீயூனியன் பக்கம் போகிற சிறிய கப்பல்களைத் தேடிக்கொண்டிருக்கிறா. அங்கேயும் எங்கள் கோவில்கள் இருக்கின்றன. அம்மா சம்மதம் சொல்லிவிட்டா, ஆனால் தளத்தின் படத்தை முதலில் தனக்குக் காட்டவேண்டுமாம், நடைபாதை முழுச் சுற்று வருகிறதா என்று பார்க்க.