மதகடியில் குறிப்பெடுக்கும் வேலை

இலங்கையின் வடக்கே வன்னியில் இளைஞர் குழுக்களைப் பற்றிக் கள ஆய்வு செய்யப் புறப்படுகிறவர், அங்கே யாரை இளைஞர் என்கிறார்கள் என்பதிலேயே முதலில் தடுக்கி விழுவார். ஐக்கிய நாடுகள் சபைக்கு 15 முதல் 24 வயது. இலங்கையின் தேசிய இளைஞர் கொள்கைக்கு 15 முதல் 29. ஊர்க் கணக்கு வேறு. 21 வயதில் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பிறந்துவிட்டால் அவர் 'பெடியள்' (பையன்கள்) கூட்டத்திலிருந்து கழன்றுவிடுவார். 34 வயதிலும் தனியாள் என்றால் விளையாட்டுக் கழகத்தில் இன்னும் பெடியன்தான். வயதுக் கட்டத்தை மட்டும் நம்பிப் படிவம் தயாரித்தால், பெடியள் வழக்கமாகக் கூடும் வாய்க்கால் மதகில் குந்தியிருப்பவர்களில் பலர் ஆய்வு மாதிரிக்குள் வரவேமாட்டார்கள்.

இந்த இடத்தில் கை கொடுப்பவர் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம். 1928 இல் அவர் எழுதிய தலைமுறைக் கோட்பாட்டின்படி, ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் ஒரு தலைமுறை உண்டாவதில்லை. விபரம் தெரியும் வயதில் ஒரே பெரும் நிகழ்வுக்குள் அகப்பட்டிருக்க வேண்டும். அப்படி அகப்பட்டவர்களும் அதை வெவ்வேறு விதமாக எதிர்கொண்டு தனித்தனி அலகுகளாகப் பிரிவார்கள். வன்னியில் ஒரே மதகில் மூன்று வகைப்பட்டவர்கள் இருப்பார்கள்: போர் முடிந்த 2009 இல் பதின்ம வயதில் எல்லாவற்றையும் பார்த்தவர், இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமின் கூடாரத்தில் கைக்குழந்தையாக இருந்தவர், அதற்குப் பிறகு பிறந்து பெரியவர்களின் பேச்சில் மட்டும் அதைக் கேட்டவர். இதை நேரடியாகக் கேட்கக்கூடாது. முதல் நாளே போரைப் பற்றிக் கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். 'முதலாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளிக்கூடத்தில் படிச்சனீங்கள்?' என்று கேட்டால் போதும். பள்ளிக்கூடப் பெயர்களை அவர்கள் வரிசையாகச் சொல்லும்போதே இடம்பெயர்ந்த பாதை முழுவதும் குறிப்பேட்டில் இறங்கிவிடும்.

குறிப்பேட்டை வெளியே எடுப்பதற்கும் காலம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் எதையும் அவர்கள் முன்னால் எழுதாமல் இருப்பது நல்லது. எழுதுகிற புது ஆளைப் புலனாய்வுக்காரர் என்று நினைப்பதற்கு இந்த மண்ணில் நியாயம் உண்டு. கிராம அலுவலரோடு சேர்ந்து போனால் 'சேர்' என்பார்கள், வீட்டுத்திட்டமோ பயிற்சிநெறியோ வரப்போகிறது என்று எண்ணி அதற்கேற்ற பதிலையே தருவார்கள். அனுமதியைப் பிரதேச செயலகத்தில் வாங்கலாம், ஆனால் மதகடிக்குத் தனியாகத்தான் போக வேண்டும். 'அண்ணை' என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு கிடைப்பதுதான் தரவு. குழுவாகப் பேச வைப்பதென்றால் ஐந்து, ஆறு பேர் போதும். பத்துப் பேரானால் கழகத் தலைவர் மட்டும் பேசுவார், மற்றவர்கள் கைத்தொலைபேசிக்குள் போய்விடுவார்கள். கேட்டதை அன்றிரவே எழுதிவிட வேண்டும், விடிந்தால் அவர்களின் சொல் போய் எங்கள் சொல் வந்துவிடும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் எடுக்கக்கூடாது.

அடிக்கடி நடக்கும் பிழை பருவம் பற்றியது. காலபோக (மாரிமழைப் பருவ) நெல் அறுவடை நடக்கும் மாசி மாதத்தில் ஒரு வாரம் நின்றவர், இந்த ஊரில் இளைஞர் கூடும் பழக்கமே அருகிவிட்டது என்று எழுதுவார். விதைப்புக்கு முந்திய புரட்டாதி வெயிலில் வந்தவர், எல்லோரும் வேலையற்று மதகில் கிடக்கிறார்கள் என்று எழுதுவார். இரண்டு பேரும் பார்த்தவர்கள் அதே பெடியள்தான். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) எவ்வளவு காணிக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தும் மதகின் கூட்டம் மாறும். ஆகவே ஒரே இடத்தைக் காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 5.30 என்று ஏழு நாட்கள் தொடர்ந்து பார்த்துக் குறித்து, அதையே இரண்டு போகத்திலும் செய்ய வேண்டும்.

கோட்பாட்டுப் புத்தகங்களோடு வருகிறவர்களுக்கு முடிவெட்டு ஒரு பெரிய பொறி. பிரித்தானிய ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979 இல் அங்கத்தைய பங்க் இசைக் கூட்டத்து இளைஞர்களின் சட்டை ஊசியைக் கூட ஓர் எதிர்ப்புக் குறியாக வாசித்துக் காட்டினார். அதைப் படித்த கையோடு வருகிறவர் பக்கம் வழித்த தலையைக் கண்டதும் 'எதிர்ப்பு' என்று எழுதிவிடுவார். சலூன்காரரிடம் ஒரு மணித்தியாலம் இருந்து பார்க்கட்டும். விடுமுறையில் வளர்ந்த முடி, பாடசாலை தொடங்க முதல்நாள் வரிசையில் நின்று வெட்டப்படும். பள்ளிக்கூடத்தை விட்டவனின் முடி மட்டும் அப்படியே இருக்கும். அந்த முடியை விளக்க 1955 இல் அல்பர்ட் கோஹன் சொன்ன அந்தஸ்து விரக்தி கூடுதலாக உதவும்: பள்ளிக்கூடம் அளக்கும் கோலில் தோற்றவன், தான் தோற்காத வேறொரு கோலைத் தன் கூட்டத்தோடு சேர்ந்து உண்டாக்கிக்கொள்கிறான். வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிகிறது, 1சி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. பஸ் ஓடாத ஊரில் பள்ளிக்கூடத்தின் கோல் இன்னும் குட்டையாகிறது.

போல் வில்லிஸ் 1977 இல் எழுதிய நூலில் வரும் 12 ஆங்கிலேயத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பாடசாலையை ஏளனம் செய்துகொண்டே நேராகத் தொழிற்சாலைக்குள் போனார்கள். அந்த ஏளனம் தொழிற்சாலைத் தளத்தின் பேச்சுக்கே அவர்களைப் பழக்கியது. மதகடிப் பெடியனுக்கு முன்னால் அப்படியொரு வாசல் இல்லை. மணல் ஏற்றும் உழவு இயந்திரம், அறுவடைக் கூலி, கடல், இல்லையேல் வெளிநாட்டுக் கனவு. இவற்றுக்கிடையில் அவன் காத்திருக்கிறான். வில்லிஸை இங்கே அப்படியே பொருத்தினால் அந்தக் காத்திருப்பு கண்ணில் படாது.

எனக்குப் பட்டவரையில் வன்னிக்கு மிகக் கிட்ட வருவது ஃபில் கோஹன் 1972 இல் கிழக்கு லண்டனைப் பற்றி எழுதியது. பழைய குடியிருப்புகளை இடித்து மக்களை வேறு இடங்களில் குடியமர்த்தியபோது சொந்தமும் அயலும் சிதறின. பெற்றோரால் தீர்க்க முடியாமல் போன அந்த முறிவைப் பிள்ளைகள் உடையிலும் கூட்டத்திலும் கற்பனையாகத் தீர்க்கப் பார்த்தார்கள் என்பது அவர் வாதம். அங்கே இடித்தது நகராட்சி, இங்கே போர். ஆனாலும் முறிந்த அயலை இளையவர்கள் ஒட்டப் பார்க்கும் வேலை ஒன்றுபோலவே இருக்கிறது. இங்கே அதை உடையை விடப் பெயரில்தான் தேட வேண்டும். மீள்குடியேறிய ஊரின் கழகம் பழைய கழகப் பெயரையே வைத்துக்கொள்கிறது. கரப்பந்தாட்டமோ மென்பந்துக் கிரிக்கெட்டோ, சுற்றுப்போட்டி பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணத்துக்காக நடக்கிறது. சீருடையின் முதுகில் கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் அனுசரணையாளரின் பெயர், பதாகையில் இறந்த கூட்டாளியின் படம். ஹெப்டிஜும் வில்லிஸும் சார்ந்த பர்மிங்ஹாம் பண்பாட்டு ஆய்வு மையத்தின் நூல்களில் எதிர்ப்பு உண்டு, பாணி உண்டு, வர்க்கம் உண்டு. துக்கத்துக்கு அங்கே போதிய இடமில்லை. ஒரு கிண்ணத்துக்காக ஓடியாடும் 11 பேரும் சேர்ந்து ஒருவரை நினைக்கிறார்கள் என்பதை எழுத எங்களுக்கு இன்னும் சரியான கலைச்சொல் கிடைக்கவில்லை.

பெண்பிள்ளைகள் மதகில் இல்லை. அதனால் அவர்களுக்குக் கூட்டமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். அஞ்செலா மக்ரொபியும் ஜெனி கார்பரும் 1970களின் நடுப்பகுதியிலேயே இந்தத் தவறைச் சுட்டி, பெண்பிள்ளைகளின் பண்பாடு படுக்கையறைக்குள் நடக்கிறது என்றார்கள். வீட்டுத்திட்ட வீட்டில் முழுக் குடும்பமும் படுக்கும் அறையை எந்தப் பிள்ளையும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. அவர்களின் இடம் ரியூசன் முடிந்து நாலு சைக்கிள் ஒன்றாக வரும் பாதை, ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸின் பின் இருக்கை, கோயில் திருவிழாவுக்கு மாலை கட்டும் விறாந்தை. அங்கே போகப் பெண் ஆய்வாளர் வேண்டும்.

கடைசியாக, அறிக்கை எழுதும் கட்டம். 1964 ஈஸ்டரில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் இளைஞர் கூட்டங்களுக்கிடையில் நடந்த கைகலப்பைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்ததை ஸ்டான்லி கோஹன் 1972 இல் விளக்கினார்: சூட்டிய பெயரே அடுத்த கூட்டத்தைக் கூட்டிவந்தது. மதகில் சும்மா நின்ற ஏழு பேரைச் செய்தி 'வாள்வெட்டுக் குழு' என்றால், அடுத்த வாரம் அந்தப் பெயருக்காகவே மூன்று பேர் வந்து சேர்வார்கள், பொலிஸும் வரும். அதனால் குழுவுக்கு நாங்கள் பெயர் சூட்டுவதில்லை. ஆட்களுக்கு இலக்கம், ஊருக்கு மாற்றுப் பெயர், படம் எடுப்பதே இல்லை. இவ்வளவு கவனமாக இருந்தும் ஒன்று தப்பிவிடும். ஞாபகார்த்தக் கிண்ணத்தில் இருக்கும் அந்த ஒற்றைப் பெயரை வாசித்ததுமே வன்னியில் எவருக்கும் ஊர் எது, கழகம் எது, பெடியள் யார் என்று தெரிந்துவிடும். ஆய்வின் மிகப் பெறுமதியான தரவு அதுதான். அறிக்கை வெளியே போகுமுன் முதலில் அழிக்க வேண்டியதும் அதுதான்.