தன்பதிவேட்டில் ஒரு வரி

பொது நிர்வாகம் பாடத்தை இருபத்தெட்டு வருடம் நடத்திய பிறகுதான் டீன் பொறுப்புக்கு வந்தேன். 1887-இல் வந்த உட்ரோ வில்சனின் கட்டுரையில் ஆரம்பித்து, மாக்ஸ் வெபர், ஹெர்பர்ட் சைமன் போன்ற நிர்வாகச் சிந்தனையாளர்கள், 1953-இல் அமெரிக்க நிபுணர் பால் ஆப்பிள்பி இந்திய நிர்வாகம் பற்றிக் கொடுத்த அறிக்கை, அதையொட்டி 1954-இல் டில்லியில் உருவான இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் என்று ஒரு வருடம் ஓடிவிடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே இதற்கு டிப்ளமோ படிப்பு தொடங்கியதை ஒவ்வொரு வருடமும் பெருமையாகச் சொல்லுவேன்.

ஆனால் ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பதை எனக்குக் காட்டியது டீன் அலுவலக உதவியாளர் அம்மாதான்.

பொறுப்பேற்ற இரண்டாம் மாதம். ஓர் ஆய்வு மாணவி வாசலில் தயங்கி நின்றார். நாலு மாதமாக உதவித்தொகை வரவில்லை, "ஹாஸ்டல் பீஸுக்கு அண்ணன்கிட்ட கடன் வாங்கியிருக்கேன் சார்" என்றார். கோபத்தோடு பிரிவுக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மா எதுவும் பேசாமல், எந்தக் கோப்பு எப்போது வந்தது, எங்கே போனது என்று குறித்து வைக்கும் தன்பதிவேட்டைத் திறந்து, ஒரு வரியில் விரலை வைத்து, "இது உங்க மேசைக்கு வந்து பதினோரு நாள் ஆச்சு சார்" என்றார். போய்ப் பார்த்தால் பட்டமளிப்பு விழாக் கோப்புகளுக்கு அடியில் கிடந்தது. அதற்கு முன்னால் நிதிப் பிரிவு பயன்பாட்டுச் சான்று (முன்பு கொடுத்த பணம் உரிய வகையில் செலவானது என்ற சான்று) கேட்டு இரண்டு முறை திருப்பியிருக்கிறது, துறையில் தேதி போடாமல் கையெழுத்திட்டதால் ஒரு முறை திரும்பியிருக்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை, லஞ்சம் கேட்கவில்லை, எல்லோரும் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள், ஆனாலும் நாலு மாதம். இதைத்தான் நான் வகுப்பில் 'சிவப்பு நாடா' என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்தப் பதிவேட்டோடு அவரும் நானும் உட்காருவது வழக்கமானது. நிலுவை இருந்தால் ஏன் என்று அப்போதே கேட்டுவிடுவோம்.

பாடத்தையும் மாற்றினேன். எம்.ஏ. முதல் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு நிஜ மனுவைப் பின்தொடர வேண்டும். பட்டா மாறுதல், சாதிச் சான்று, எதுவானாலும் சரி. பாடத்திட்டக் குழுவில் 'இது பல்கலைக்கழகத் தரம் இல்லை' என்று எதிர்ப்பு வந்தது. நான் விடவில்லை. தாலுகா ஆபீஸ் படி ஏறாமல் நிர்வாகத்தில் முதுகலை வாங்குவது சரியில்லை என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது.

ஒரு மாணவர் தன் பாட்டியின் முதியோர் உதவித்தொகை மனுவைத் தொடர்ந்து போனார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தனி வட்டாட்சியர் வரை. விசாரணைக்கு அலுவலர் வந்த இரண்டு முறையும் வீடு பூட்டியிருந்திருக்கிறது, பாட்டி நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். 'ஆள் இல்லை' என்று குறிப்பு. ஒன்பது பக்கக் கட்டுரை, இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசிப் பக்க ஓரத்தில், பாட்டிக்கு உத்தரவு வந்த தேதியைப் பென்சிலால் எழுதியிருந்தார்.