பேச்சிப்பாறை சானலும் என் கணக்கும்

"மக்ளே, ஊசியில போட்ட மருந்து உடம்புல எங்க போவுதுன்னு நீ எப்பிடி கண்டுபிடிக்க?" தக்கலை வீட்டுத் திண்ணையில் அம்மை கேட்டாள்.

பேச்சிப்பாறை அணையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் வரும் சானலைத்தான் காட்டினேன். ரத்தம் சானல், திசு வயல். மடை வழியே எவ்வளவு வேகமாக நுழைகிறது, எவ்வளவு திரும்ப வடிகிறது? 12 வருடமாக இந்தக் கணக்குதான் என் பிழைப்பு, என் ஆசையும்.

ஏற்றிய மருந்து உடம்பில் எங்கே சேர்கிறது என்று படம் எடுப்பதுதான் பெட் ஸ்கேன்; அதற்கு எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரையை ஏற்றுவோம். செல்லுக்குள் போனதும் அதில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும்; பிறகு எளிதில் வெளியே வராது. மடை அடைத்த வயல்! சர்க்கரையை அதிகம் இழுக்கும் புற்றுக்கட்டி படத்தில் பளிச்சென்று தெரியும். அதிலுள்ள ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். எங்கள் கண் எப்போதும் கடிகாரத்தில்தான்.

"அப்பாவுக்கும் இந்தப் படம் எடுத்தாவளே," என்றாள்.

எடுத்தார்கள், ரொம்பத் தாமதமாக. அந்தக் கோப்பு இன்னும் என் கணினியில் இருக்கிறது.