ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?

"ரெண்டு ஸ்டாரும் ரெண்டு சதுர அடைப்பும் ஒண்ணுதானே அண்ணா? அப்புறம் ஏன் வார்னிங் வருது?"

"ஒண்ணுதாம்மா. காஸ்ட் போட்டு விடு, போயிடும்."

என் ஜூனியரும் நானும் பேசிய பேச்சு இவ்வளவுதான். சி மொழியில் ஒரு ஃபங்ஷன். அவள் அனுப்பியது இரண்டு சதுர அடைப்புள்ள அரே, அதாவது வரிசையும் நிரலுமாக வெப்பநிலைகளின் அட்டவணை. ஃபங்ஷன் கேட்டதோ இரண்டு ஸ்டார், அதாவது இன்னொரு முகவரி இருக்கும் இடத்தின் முகவரி. காஸ்ட் என்றால், ஒரு வகையை இன்னொரு வகையாக எடுத்துக்கொள் என்று கம்பைலரிடம் சொல்வது. மணி ஏழைத் தாண்டியிருந்தது, பில்ட் அன்றைக்கே போயாக வேண்டும். வார்னிங்கும் போய்விட்டது.

அலாரம் அடித்தால் மட்டும் ஓடும் ஃபங்ஷன் அது. எங்கள் டெஸ்டில் ஒருமுறைகூட ஓடவில்லை. மூன்றாம் வாரம் வாடிக்கையாளரிடம் ஓடியது, உடனே செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு புரோகிராம் விழுந்துவிட்டது. விழுந்தபோதைய நினைவகத்தின் பதிவான கோர் ஃபைலை, ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்தேன். படிக்கப்போன முகவரி, ஹெக்ஸில், 1600000015. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெக்ஸில் 15 என்றால் 21, 16 என்றால் 22. முதல் வரிசையின் முதல் இரண்டு வெப்பநிலைகள்! நான்கு பைட்டும் நான்கு பைட்டும் ஒட்டிக்கொண்டு, எட்டு பைட் முகவரியாக நின்றன.

3 வரிசை, 4 நிரல் உள்ள இன்ட் (நான்கு பைட் முழு எண்) அரே என்றால் பன்னிரண்டு எண்கள், அடுத்தடுத்து 48 பைட். அதற்குள் முகவரி எதுவும் கிடையாது. ஃபங்ஷனுக்குள் போகும்போது அது நான்கு இன்ட் கொண்ட வரிசைக்குப் பாயின்டர், அதாவது அந்த வரிசையின் முகவரி, ஆகிறது. ஒன்று கூட்டினால் 16 பைட் நகரும். இரட்டை ஸ்டாரோ, அங்கே இன்னொரு முகவரி இருக்கிறது என்று நம்பிப் படிக்கும்.

இது எனக்கு அன்றைக்கும் தெரியும். அதுதான் உறுத்துகிறது. ஒற்றைப் பரிமாண அரேயில் 'ஒண்ணுதான்' என்ற பதில் பெரும்பாலும் ஓடிவிடும். பல வருடம் சொல்லிச் சொல்லி வாயில் பழகிவிட்டது. ரிவ்யூவில் இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். அவளும் கொஞ்சம் தேடிப் பார்த்திருக்கலாம். ஆனால் என்னிடம் வந்து கேட்டதே தேடல்தானே? காஸ்ட் என்பது கம்பைலரிடம் 'எனக்குத் தெரியும், நீ சும்மா இரு' என்பது. அவளுக்குத் தெரியாததால்தான் கேட்டாள்.

2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர் முதல், சி-யில் பொருந்தாத பாயின்டர் வகை வார்னிங் இல்லை, எர்ரர். அப்படியும் காஸ்ட் போட்டால் அதுவும் பேசாமல் விட்டுவிடும். ஆகவே அதைக் காட்டி நான் தப்பிக்க முடியாது.

திருத்தம் சின்னது. காஸ்ட்டை எடுத்துவிட்டு, ஸ்டாரையும் பெயரையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, பக்கத்தில் சதுர அடைப்பில் 4. கமிட் செய்தியில் "தவறான காஸ்ட், என் பிழை" என்று எழுதியிருந்தாள்.

படித்துவிட்டு, அப்ரூவ் அழுத்தினேன்.