நீல வயர் எங்கே போகிறது?

எங்கள் வீட்டுக் காருக்கு வயது 17. அப்பா வாங்கியது, நானும் தம்பியும் ஓட்டப் பழகியது இதில்தான். எஞ்சின் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் சில மாதங்களாக ஒரு தொந்தரவு. மூன்று நாள் எடுக்காமல் நிறுத்தினால் நான்காம் நாள் ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருகினால் டக் டக் என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று புதிது மாற்றினோம். அதுவும் மூன்றே நாளில் படுத்துவிட்டது. சரி, வண்டி சும்மா நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இதைப் பார்க்க, கரண்டையும் வோல்ட்டையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும், மீட்டர் 10 ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருகக் கூடாது, ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் நூறு ஆம்பியரைத் தாண்டும், மீட்டருக்குள் இருக்கும் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும். அப்புறம், கதவையும் டிக்கியையும் மூடிவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் காரில் இருக்கும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் எடுக்கும். அதற்குள் வரும் எண்ணை நம்பக் கூடாது.

அரை மணி கழித்து எங்களுக்கு வந்த எண் 0.62 ஆம்பியர். நிறுத்தி வைத்த காரில் இது 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. எங்கள் பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 45 மணி நேரம் வரும். 0.62 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 15 ஆம்பியர்-மணி போகிறது. இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி, மூன்றாம் நாள் முடியும்போது ஸ்டார்ட்டரைச் சுற்றத் தெம்பே இருக்காது. கணக்கு அப்படியே பொருந்தியது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். ரேடியோ என்று எழுதியிருந்த ஃப்யூஸைப் பிடுங்கியதும் மீட்டர் 0.03க்கு இறங்கியது. ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் புது டச் ஸ்கிரீன் ஸ்டீரியோ மாட்டினோம், அதில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிட்டு ஸ்டீரியோவை வெளியே இழுத்து, அதன் பின்னால் இருந்த பிளக்கையும் கழற்றினேன். மீட்டர் திரும்பவும் 0.6ஐக் காட்டியது. ஸ்டீரியோ கையில் இருக்கிறது, ஒரு வயர்கூட அதில் இல்லை, கரண்ட் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. கார் கம்பெனி கொடுத்த கனெக்டரே அங்கே இல்லை. அதை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களின் தோலைச் சீவி, ஒன்றோடு ஒன்று முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேஷ்போர்டுக்குள் வெயில் காலத்தில் ஏறும் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகி, டேப் வழுக்கி நகர்ந்து, பாதி மூட்டுகளில் செம்பு வெளியே தெரிந்தது. தொட்டால் கையில் கறுப்புப் பிசின். பழைய ஸ்டீரியோவுக்காகச் செய்த மூட்டுகள், அதற்கு மேல் இரண்டாவது ஸ்டீரியோவின் மூட்டுகள், அதற்கும் மேல் இப்போதையவை என்று அடுக்கடுக்காக.

வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயர், நேரமும் ஸ்டேஷன்களும் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்பு வயர், சாவி போட்டால் மட்டும் உயிர் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்பை, அதாவது சத்தத்தைப் பெருக்கும் தனிப் பெட்டியை, எழுப்புவதற்கு. ஆரஞ்சு, இரவில் விளக்கு போடும்போது திரையை மங்க வைக்க. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். காரின் சொந்த வயர்களுக்கு இந்த நிறங்கள் பொருந்தாது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நிறத்தை வைத்து நிறத்தோடு சேர்ப்பது பெரிய தவறு. மீட்டர் வைத்து அளந்துதான் சேர்க்க வேண்டும்.

அப்பா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “இந்த நீல வயர் எங்கேடா போகுது?” என்று கேட்டார். மஞ்சள் வயர் மூட்டுக்குள் ஒரு மெல்லிய நீல வயரும் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. நான் அதை ஆன்டெனா வயர் என்று நினைத்துப் பார்க்காமல் விட்டிருந்தேன். இழுத்துப் பார்த்தால் அது கம்பளத்துக்கு அடியில் போய், கதவு ஓரப் பட்டைக்குள் நுழைந்து, பின்சீட்டைத் தாண்டி டிக்கி வரை போகிறது. டிக்கியின் பக்கவாட்டு பேனலைக் கழற்றினோம். உள்ளே ஒரு ஆம்ப், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு, தொட்டால் வெதுவெதுப்பாக.

தம்பி கல்லூரியில் படிக்கும்போது டிக்கியில் ஒரு சப்வூஃபர், அதாவது கீழ்ஸ்தாயிக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி, வைத்திருந்தான். சாமான் வைக்க இடம் வேண்டும் என்று பெட்டியை எடுத்துவிட்டோம், ஆம்ப் பேனலுக்குப் பின்னால் இருந்ததால் மறந்தே போய்விட்டது. பழைய ஸ்டீரியோ இருந்தவரை அந்த நீல வயருக்கு ஸ்டீரியோ ஓடும்போது மட்டும் கரண்ட் போனது, அதனால் பிரச்சினை தெரியவில்லை. புது ஸ்டீரியோ மாட்டியவர், தனியாகத் தொங்கிய நீல வயரைப் பார்த்து, ஆன்டெனா என்று எண்ணி, ரேடியோ நன்றாக எடுக்கட்டும் என்று மஞ்சளோடு சேர்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஏழு மாதம், எந்த ஸ்பீக்கரும் இல்லாமல், ராத்திரி பகலாக அந்த ஆம்ப் விழித்திருந்திருக்கிறது. காரின் உண்மையான ஆன்டெனா வயருக்கோ கரண்டே போகவில்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் ரேடியோ இரைச்சலாகிப் போனதற்கும் அதுதான் காரணம்.

பேட்டரி இறங்கியது கூடப் பரவாயில்லை. அந்த ஆம்ப்புக்கு பேட்டரியிலிருந்து நேராக வந்த தடித்த வயரைப் பின்தொடர்ந்து போனபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எஞ்சின் பக்கத்திலிருந்து காருக்குள் வரும் இடத்தில், தகரத்தில் ஒரு ஓட்டை போட்டு, ரப்பர் வளையம்கூட வைக்காமல் வயரை நுழைத்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேலான அதிர்வில் தகரத்தின் விளிம்பு வயரின் தோலை அறுத்து, ஓரிடத்தில் செம்பு மினுங்கியது. இன்னும் ஒரு நூல் அளவு அறுந்திருந்தால் பாடியைத் தொட்டிருக்கும். அந்த வயரில் பேட்டரி பக்கம் ஃப்யூஸே இல்லை, ஆம்ப் பக்கம் மட்டும்தான் இருந்தது. ஷார்ட் நடுவழியில் நடந்தால் கரண்ட் ஆம்ப் வரை போகவே போகாது, அங்கே இருக்கும் ஃப்யூஸ் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பேட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் அந்த வயரில் தள்ளும், வயர் பழுக்கக் காய்ந்து கம்பளம் பற்றிக்கொள்ளும். இந்தக் காரில் எத்தனை முறை அம்மாவைப் பின்சீட்டில் தூங்க வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போயிருக்கிறோம். ஃப்யூஸ் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான், அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். உங்கள் காரில் எப்போதாவது ஆம்ப் போட்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பானெட்டைத் திறந்து இந்த ஒன்றை மட்டும் பாருங்கள்.

ஆம்ப்பையும் அந்த வயரையும் முழுதாக எடுத்துவிட்டோம், ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்தோம்.

ஸ்டீரியோ பக்கம் இரண்டு வார இறுதிகள் பிடித்தது. வெட்டி எறிந்த கனெக்டருக்குப் பதிலாக, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்தில் இதே மாடல் கார் ஒன்றிலிருந்து ஒரு சாண் வயரோடு கனெக்டரை வெட்டி வாங்கினேன். அதற்குப் பொருந்தும் அடாப்டர் வயர் தனியாகக் கிடைக்கிறது. ஒரு பக்கம் கார், மறுபக்கம் ஸ்டீரியோ, நாளை ஸ்டீரியோ மாற்றினாலும் கார் வயரில் யாரும் கத்தி வைக்க வேண்டாம். பல கார்களில் இந்த கனெக்டர் ஐ.எஸ்.ஓ. என்ற பொதுத் தர முறையில் இருக்கும், கரண்ட் பகுதியில் 4ஆம் முனை எப்போதும் இருக்கும் 12 வோல்ட், 7ஆம் முனை சாவியோடு வருவது, 8 எர்த். ஆனால் சில கார்களில் 4உம் 7உம் இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் ஸ்டீரியோ எல்லா செட்டிங்கையும் மறந்துவிடுகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டேன். மஞ்சள் கனெக்டரும் மஞ்சள் உறையும் போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றில் மீட்டரையோ டெஸ்ட் லாம்ப்பையோ வைக்கவே கூடாது.

மூட்டுகளை ஈயம் உருக்கி ஒட்டி சால்டர் செய்வதா, உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி கிரிம்ப் செய்வதா என்று யாரைக் கேட்டாலும் ஒரு சண்டை வரும். என் வாக்கு கிரிம்ப்புக்கு. ஈயம் வயர் இழைகளுக்குள் ஊறி ஏறும், ஊறிய இடம் விறைத்துப் போகும், விறைப்பு முடிகிற விளிம்பில் அதிர்வு பட்டுப் பட்டு உடையும். கிரிம்ப்புக்கு அதற்கான கருவியே வேண்டும், கட்டிங் பிளேயரால் நசுக்கினால் அது கிரிம்ப் ஆகாது. ஒவ்வொன்றையும் நசுக்கியபின் பலமாக இழுத்துப் பார்த்தேன், இரண்டு கையோடு வந்துவிட்டன, திரும்பச் செய்தேன். மேலே சூடு காட்டினால் சுருங்கும் குழாய். எல்லா மூட்டும் ஒரே இடத்தில் வந்து முடிச்சாகாமல் முன்னும் பின்னுமாக வைத்து, கடைசியில் துணி டேப். அது சூட்டில் பிசுபிசுக்காது, உள்ளே கடகடவென்று ஆடவும் விடாது.

ஸ்பீக்கர்களில் ஒரு தவறு இருந்தது. பின் வலது ஸ்பீக்கரின் இரண்டு வயரும் மாறியிருந்தன. மற்றவை முன்னே தள்ளும்போது இது பின்னே இழுக்கும், அதனால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும், பாட்டு மெலிந்து கேட்கும். சோதிப்பது எளிது: ஸ்டீரியோவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை நொடி நேரம் தொட வைத்தால், பாசிட்டிவ் பாசிட்டிவோடு சேர்ந்திருந்தால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே வரும். ஸ்பீக்கர் நெகட்டிவை எர்த்தோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும், எர்த்தைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஆம்ப் சிப் போய்விடும்.

எஞ்சினை முடுக்கினால் கூடவே ஏறும் ஒரு ஙொய் என்ற சத்தமும் ஸ்பீக்கரில் இருந்தது, அதற்குக் காரணம் எர்த். பெயின்ட் அடித்த தகரத்தில் ஒரு ஸ்க்ரூவைப் போட்டு எர்த் எடுத்திருந்தார்கள். பாட்டு ஓடும்போது அந்த ஸ்க்ரூவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தால் 0.4 வோல்ட். காரின் சொந்த எர்த் இடத்துக்கு மாற்றியதும் 0.03. சத்தம் நின்றுவிட்டது.

எல்லாம் முடித்து அரை மணி காத்திருந்து அளந்தால் 0.02 ஆம்பியர். எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி, உறை போட்டு, ஸ்டீரியோவுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு. போன மாதம் ஒன்பது நாள் வண்டியை எடுக்கவில்லை. பத்தாம் நாள் காலையில் அப்பா போய்ச் சாவியைத் திருகினார், ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது, உள்ளே இருந்த எனக்கே கேட்டது.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து மூடும்போது மட்டும் முன் ஸ்பீக்கர் கரகரக்கிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி உள்ளேயே உடைந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரிக்க வேண்டும்.