இருப்புக் கணக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் ஸ்டாக் பார்க்கிற வேலை எனக்கு. சொந்த ஊர் தூத்துக்குடி, கல்யாணமாகி இங்கே நம் ஆட்கள் அதிகமாக இருக்கிற சாட்ஸ்வர்த் பகுதிக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. பருப்பு, அரிசி, மசாலா, டீத்தூள் என்று வருவதை எண்ணி எழுதி, போவதை எண்ணிக் கழித்து, மாதக் கடைசியில் ஏட்டில் இருப்பதும் ரேக்கில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். தைரியம் தேவைப்படுகிற வேலை என்று இதை நான் நினைத்ததே இல்லை, 2021 ஜூலை வரைக்கும்.

அந்த மாதம் முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போன சில நாட்களில் டர்பன் இருக்கிற குவாசூலு-நட்டால் மாகாணமும் ஜோஹன்னஸ்பர்க் இருக்கிற கௌட்டெங் மாகாணமும் கலவரத்தில் பற்றி எரிந்தன, 350க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 12ஆம் தேதி திங்கட்கிழமை ராத்திரி நான் அப்போது வேலை பார்த்த கிடங்கைச் சூறையாடினார்கள். மறுநாள் தீ. காவலாளி அனுப்பிய வாட்ஸ்அப் வீடியோவில்தான் பார்த்தேன். என் கையெழுத்தில் பேலட் எண் எழுதிய அட்டை ஒன்று தரையில் கிடந்தது, அதை மிதித்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஏனோ அந்த அட்டைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த வாரம் எனக்கு வந்த முதல் போன் கிடங்கில் என்னோடு ஆறு வருஷம் ஆர்டர் எடுத்துக் கொடுத்த, கறுப்பின சூலு மக்களைச் சேர்ந்த ஓர் அம்மாவிடமிருந்து. டர்பன் பக்கத்து உம்லாசியில் இருப்பவர், நான் சிசி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். "வெளியே வராதே, கதவைப் பூட்டிக்கொள்" என்றார். நானும் அவரிடம் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் நம் ஆட்கள் அதிகமாக இருக்கிற, டர்பனை ஒட்டிய பீனிக்ஸ் பகுதியில் மட்டும் அந்த நாட்களில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர் எனக்காகப் பயந்தார், நான் அவருக்காகப் பயந்தேன், அதற்கப்புறம் ரோட்டில் அவர் மகன் வயசுப் பையன்களைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வெட்கம் வேலை போன வருத்தத்தைவிடப் பெரியதாக இருந்தது.

வேலையும் போனது. இங்கே கலவரச் சேதத்துக்குச் சாதாரண காப்பீடு பணம் தராது, சாஸ்ரியா என்கிற அரசு நிறுவனத்தின் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். எங்கள் முதலாளி சேர்த்திருந்தார். ஆனால் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதைக் காட்டக் காகிதம் இல்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதன் நகல் இருந்த டிஸ்க்கும் அதே அறையில்தான் இருந்தது. துவரம்பருப்பு எத்தனை மூட்டை என்று மதிப்பீட்டாளர் கேட்டபோது எண் என் நாக்கு நுனியில் இருந்தது, எழுத்தில் இல்லை. செப்டம்பரில் கிடங்கை மூடிவிட்டார்கள். வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் என்பது சட்டம், ஆறு வருஷத்துக்கு ஆறு வாரம் கிடைத்தது.

அப்புறம் மூன்று மாதம் வீட்டில் சும்மா கிடந்தேன். எல்லோரும் தைரியமாக இரு என்றார்கள், அதை எங்கிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என் மாமியார் மட்டும் அப்படி எதுவும் சொல்லவில்லை. வேலைக்குப் போன நாட்களில் எழுப்புகிற அதே ஐந்தரை மணிக்கு எழுப்பி, டீயைப் பக்கத்தில் வைத்து "ஆறிப்போவுது பாரு" என்பார், அவ்வளவுதான். சின்ன வயசில் நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து குடும்பத்தோடு பெயர்த்து இங்கே கொண்டுவந்து போடப்பட்டவர் அவர். ஒரு நாள் அவராகவே 1917 வெள்ளக் கதையைச் சொன்னார். உம்கேனி ஆறு பெருகி, கரையோரம் தகரக் குடிசைகளில் இருந்த நம் ஆட்களை அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவட்டானும் இன்னும் ஐந்து மீனவர்களும் படகை எடுத்துக்கொண்டு போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். எனக்கு அதில் மனசில் தங்கியது அந்த எண். அந்த வெள்ளத்திலும் யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

2022 ஜனவரியில் பிராஸ்பெக்டனில் வேறு கிடங்கில் சேர்ந்தேன். சேரும்போதே ஒன்று கேட்டுக்கொண்டேன்: தினமும் சாயங்காலம் இருப்புத் தாளை என் ஈமெயிலுக்கும், முதலாளிக்கும், ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிற அவர் தங்கைக்கும் அனுப்புவேன், வெள்ளிக்கிழமை ஒவ்வொரு ரேக்கையும் போட்டோ எடுப்பேன். எதற்கு இவ்வளவு என்று ஆபீஸில் முகம் சுளித்தார்கள். சிசியையும் அங்கே சேர்த்துவிட்டேன்.

ஏப்ரல் 11, 12 தேதிகளில் மழை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல், 400க்கும் அதிகமான உயிர்கள் போயின. பிராஸ்பெக்டன் பழைய விமான நிலையத்தை ஒட்டிய தாழ்வான இடம். பக்கத்து டொயோட்டா தொழிற்சாலையே மாதக்கணக்கில் ஓடவில்லை என்றால், நாங்கள் எந்த மூலைக்கு. 14ஆம் தேதி தமிழ் வருஷப் பிறப்பு. வீட்டில் குழாயில் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்று, விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுக் கிடங்குக்குப் போனேன்.

வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. பத்து நிமிஷம் கால் நடுங்கியது. ஒன்பது மாதத்தில் இரண்டாவது தடவை, இதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கடைசியில் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கியது தைரியம் வந்ததால் இல்லை, முந்தின திங்கட்கிழமை சாயங்காலத்துத் தாள் என் போனில் இருந்ததால்தான். எண்ணி ஒத்துப்பார்க்க ஏதோ ஒன்று இருந்தது.

சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கீழ் இரண்டு தட்டும் போச்சு, மூன்றாவது தட்டு காய்ந்தே இருந்தது. பருப்பு மூட்டைகள் ஊறி உப்பி வெடித்திருந்தன, அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வெள்ளத் தண்ணீர் பட்ட உணவுப்பொருளை விற்கக்கூடாது, அத்தனையையும் எண்ணி, போட்டோ எடுத்து, பேட்ச் நம்பர் எழுதி, அப்புறம்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். ரேக் ஒன்று, கீழ்த்தட்டு, இடமிருந்து வலம் என்று ஆரம்பித்தேன். ஒரு பக்கம் முடிந்தபோது கை நடுக்கம் நின்றிருந்ததைக் கவனித்தேன்.

நாலு நாள் கழித்து சிசி வந்தார். உம்லாசியில் அவர் வீட்டுச் சமையலறைச் சுவர் சரிந்திருந்தது. வராமல் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் மூட்டையைத் தொட்டு குனியே, குபிலி, குதாத்து என்று சூலுவில் எண்ணுவார், நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பிச் சொல்லி எழுதுவேன். பதினோரு நாள் அப்படிப் போனது. இடையில் ஒரு நாள், போன ஜூலையில் உங்கள் ஊர்ப் பையன்களைக் கண்டு பயந்தேன் என்று அவரிடம் சொன்னேன். கையில் இருந்த மூட்டையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நானும் சாட்ஸ்வர்த் பக்கம் டாக்சியில் போகவில்லை" என்றார், விட்ட எண்ணிலிருந்து மறுபடி எண்ணினார்.

காப்பீட்டுப் பணம் நவம்பரில் வந்தது. முழுசாக இல்லை, ஆனால் கிடங்கை மூட வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக எண்ணியது சர்க்கரை. கரும்பு வெட்ட 1860இல் நம்மவர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மாகாணம், எங்களுக்கும் சர்க்கரைதான் பெரிய சரக்கு. அத்தனையும் கரைந்து ஓடிவிட்டது, பை மட்டும் தட்டையாகக் கிடந்தது. இதை எப்படி எழுதுவது என்று முதலாளி கேட்டார். பையை எண்ணுவோம் என்றார் சிசி. எண்ணினோம், 212, தாளில் இருந்த அதே எண். அப்புறம் மூன்றாவது தட்டிலிருந்து காய்ந்த டீத்தூள் பெட்டி ஒன்றை இறக்கி, கேஸ் அடுப்பில் பாட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சேற்றில் நின்றுகொண்டே எல்லோரும் சர்க்கரையில்லாத டீ குடித்தோம். அந்தப் பெட்டியையும் கணக்கில் கழித்து எழுதினேன்.